கட்டக் கூடாத கயிறு

க்ளென்னுக்கு விழுந்த முதல் அடி வலது காதுக்குக் கீழே. அடுத்தது எங்கே விழுந்தது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அதற்குள் சந்தாபுராவின் உச்சி வெயில் அவன் கண்ணுக்குள் அணைந்துபோயிருந்தது. மறுபடி விழித்தபோது வாய் நிறைய செம்மண். கூடவே ரத்தம். நெஞ்சின் மேல் ஒரு செருப்புக்கால். காலா அது, அம்மிக்கல்!

"யாரோ நீனு? ஒளகே யாக்கோ பந்தே?" யாரடா நீ, உள்ளே ஏன் வந்தாய் என்று செருப்புக்காரன் கன்னடத்தில் உறுமினான்.

"ரூம் இருக்கான்னு விசாரிக்க வந்தேன் குரு," என்றான் க்ளென். "சர்வீஸ் இவ்ளோ ஸ்பீடா இருக்கும்னு தெரியாது."

இந்த வாய்தான் அவனுக்கு எமன். செருப்பு நெஞ்சை விட்டு விலாவுக்கு வந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. இன்னொருவன், மீசைக்காரன், சாவகாசமாகக் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் தன் அம்மாவிடம் இந்தச் செய்தியை யார் போய்ச் சொல்வார்கள் என்று க்ளென் யோசித்தான். சரளா மேடம்தான் சொல்வாள். சொல்லிவிட்டு, அவன் வாங்கின அட்வான்ஸையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் வருவாள்.

செங்கல் இறங்கவில்லை. அதைத் தூக்கினவன்தான் இறங்கினான். அவன் முழங்காலின் பக்கவாட்டில் படார் என்று ஒரு மூங்கில் கழி பாய்ந்ததில் கால் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கிக்கொண்டது. மூங்கிலின் மறுமுனையில் சரளா நின்றிருந்தாள்.

"என் ஆளை அடிக்கிற வேலைய நானே வெச்சிருக்கேன்," என்றாள். "நீ எதுக்குடா போட்டிக்கு வர்ற?"

சரளாவுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. போலீஸ் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்ரீராம்புரத்தில் டயர் கடைக்கு மேலே ஒரு துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். உடுப்புத்தான் போயிற்று, கை போகவில்லை. அடுத்த வீச்சு செருப்புக்காரனின் தாடையில் விழுந்தது. அவன் துப்பியதில் இரண்டு பற்கள் இருந்தன. துப்பிவிட்டு இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். கத்தி மேலே போயிற்று.

"நிறுத்துங்கடா!"

ரிசார்ட் ஆபீஸ் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கத்தி ஓங்கின இடத்திலேயே நின்றது.

"ஐயோ, ரொம்ப ஸாரி மேடம்! என் பேர் பாலகுமார், இங்க மேனேஜர். இவங்க ஓனர் ப்ரஹ்லாத் சாரோட ஆளுங்க. நான் சொன்னா எங்க கேக்குறாங்க!" அவன் அடியாட்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். "போங்கப்பா, போய் டாக்டரைப் பாருங்க. அப்படியே சாப்பிட்டுட்டு வாங்க."

ஒருவன் இன்னொருவனைத் தோளில் தாங்கிக்கொண்டு போனான். பாலகுமார் தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து க்ளென்னின் உதட்டைத் துடைத்தான். க்ளென்னுக்கு உடனே அவனைப் பிடித்துப்போயிற்று. அடி வாங்கினவனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிறவன் தெய்வம் இல்லையா!

"ஆபீஸுக்கு வாங்க, ஏ.சி. இருக்கு, காபி சாப்பிட்டுப் பேசலாம்."

"காபி அப்புறம்," என்றாள் சரளா. "பெரியவர் செத்த இடத்தைக் காட்டுங்க."

பாலகுமாரின் முகம் ஒரு நொடி சுருங்கினதை க்ளென் பார்த்தான். செத்த இடத்தைக் காட்டச் சொன்னால் யாருக்குத்தான் சுருங்காது என்று நினைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். சீனிவாசராகவன் என்கிற பெரியவர், அரசாங்கத்தில் பாசன இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கால்வாய்ப் படகு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மதராஸ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிப்போன படகுகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் சொல்லித்தான் ப்ரஹ்லாத் இந்த ரிசார்ட்டில் மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம், நடுவில் ஒரு கால்வாய் என்று வெட்டி, அசல் உப்புப் படகு ஒன்றை மரக்காணத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து மிதக்கவிட்டான். படகோடு அதை ஓட்ட அர்ஜுனனும் வந்தான். நேற்றுச் சாயங்காலம் பெரியவர் மண்டை பிளந்து தண்ணீரில் கிடந்தார். அர்ஜுனனைக் காணவில்லை. கொன்றுவிட்டு ஓடிவிட்டான் என்று போலீஸ் நாலு பக்கமும் தேடுகிறது. அர்ஜுனனின் மனைவி வைஷ்ணவி காலையில் ஸ்ரீராம்புரத்து மாடிப்படி ஏறி வந்து அழுதாள். போலீஸோ வேறு யாரோ அவனை அடித்தே கொல்வதற்குள் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னாள்.

ஒசூர் ரோடு டிராஃபிக்கில் கார் ஊர்ந்த நேரம் முழுக்க சரளா போனில் அந்தப் பெரியவரின் பேச்சைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். செத்தவரின் குரல், கணீரென்று. பஞ்ச காலத்தில் கஞ்சிக் கூலிக்கு ஜனங்கள் மண் சுமந்து வெட்டின கால்வாய் என்றார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் ஆகாவிட்டால் கரையில் நடந்து தோளில் கயிறு போட்டு இழுப்பார்கள் என்றார். அப்புறம் தண்ணீர் மட்டம் மாறுகிற இடத்தில் படகை ஏற்றி இறக்கும் லாக்கைப் பற்றி ஒரு பாட்டம். க்ளென் அதற்குள் தூங்கிவிட்டான்.

இப்போது அந்த லாக் எதிரே இருந்தது. கல்லால் கட்டின நீளத் தொட்டி, இரண்டாள் ஆழம். மேல் குளத்துப் பக்கம் ஒரு ஜோடிக் கதவு, கீழ்க் குளத்துப் பக்கம் ஒரு ஜோடிக் கதவு. தொட்டியைத் தண்ணீரால் நிரப்பினால் படகு உயரும், வடித்தால் இறங்கும். அவ்வளவுதான் சூத்திரம். இப்போது தண்ணீர் வடிந்து, அடியில் முழங்கால் அளவுதான் கிடந்தது. அதில் படகு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது.

"அங்கதான் மேடம்," என்று பாலகுமார் குரல் தழுதழுக்கச் சொன்னான். "தொட்டி அப்ப ஃபுல்லா இருந்துச்சு. அர்ஜுனனும் பெரியவரும் சத்தம் போட்டுக்கிட்டிருந்தாங்க. நான் ஓடி வர்றதுக்குள்ள மண்டையில போட்டு உள்ள தள்ளிட்டு ஓடிட்டான். எனக்கு நீச்சல் தெரியாது. சேலத்துக்காரன், கிணத்தை எட்டிப் பார்க்கவே பயம். என்ன பண்றது? ஓடிப்போய் இந்தக் கீழ்க் கதவைத் தள்ளித் திறந்தேன். தண்ணி வடிஞ்சுது. இறங்கித் தூக்கினேன். உசுரு இல்ல."

"போலீஸ்கிட்ட இதையேதான் சொன்னீங்களா?"

"வார்த்தை மாறாம."

"கதவு அவ்வளவு லேசா?"

"ஷோ பாத்ததில்லையா மேடம்? கூட்டத்துல ஒரு குழந்தையைக் கூப்பிட்டு அர்ஜுனன் தள்ளச் சொல்வான். பொம்மைக் கதவு மாதிரி திறக்கும். சார், நீங்களே தள்ளிப் பாருங்க."

கதவின் தலையில் கரைவரை நீட்டிக்கொண்டிருந்த மரக்கட்டையில் க்ளென் முதுகைக் கொடுத்தான். விலா கத்தியாய்க் குத்தியது. ஆனாலும் அத்தனை பெரிய கதவு முனகிக்கொண்டே ஒரு சாண் திறந்தது.

"சக்கத்!" என்று கன்னடத்தில் வியந்தான் க்ளென். "மேடம், உடைஞ்ச எலும்போட நானே திறந்துட்டேன். மேனேஜர் சார் சொல்றது கரெக்டு."

"இப்ப கரெக்டு," என்றாள் சரளா. "உள்ளயும் வெளியயும் தண்ணி ஒரே மட்டம். யார் தள்ளினாலும் திறக்கும். நேத்து உள்ள விளிம்பு வரைக்கும் தண்ணி. வெளிய இவ்வளவு தாழ. ரெண்டாள் உயரத் தண்ணி கதவு மேல சாஞ்சு நிக்கும்போது நீ இல்ல க்ளென்னு, மார்க்கெட் லாரியக் கட்டி இழுத்தாலும் அசையாது. முதல்ல கதவுல இருக்கிற சின்னப் பலகையைத் தூக்கணும். தண்ணி மெதுவா வடியணும். ரெண்டு பக்கமும் சமமாகணும். அதுவரைக்கும் கதவைத் தொடவே முடியாது. பெரியவர் கார்ல சொல்லிக்கிட்டே வந்தாரே, நீ குறட்டை விட்டுக்கிட்டிருந்த."

பாலகுமார் சிரித்தான். "மேடம், டென்ஷன்ல எனக்கு எது முன்ன எது பின்னன்னு..."

"உனக்கு ஷோதான் தெரியும். அர்ஜுனன் ஜனங்க வர்றதுக்கு முன்னாடியே தண்ணிய வடிச்சு வெச்சுட்டு, அப்புறம் குழந்தையக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வான். கைதட்டுற நேரத்துக்கு மட்டும் நீ ஆபீஸ விட்டு வந்திருக்க. கதவு எப்பவும் அப்படித்தான்னு நெனச்சுட்ட." சரளா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "இன்னொண்ணு. கத்திய ஓங்கினவன் முதலாளி சொன்னா நிப்பான். மேனேஜர் சொன்னா நிக்கிறதுக்கு அவனுக்கு என்ன தலையெழுத்தா? அவனுங்க ப்ரஹ்லாத் ஆளுங்க இல்ல. உன் ஆளுங்க."

க்ளென் தன் உதட்டிலிருந்த கைக்குட்டையை எடுத்து அப்படியே பார்த்தான். அடிக்கச் சொன்னவனும் இவன், துடைத்துவிட்டவனும் இவன். சே, என்ன பிழைப்பு!

"அர்ஜுனன் எங்கடா?" என்று சரளா கேட்டாள்.

பதில் இரும்பில் வந்தது. மேல் கதவின் மதகுப் பலகையைத் திருகித் தூக்கும் கனத்த கைப்பிடி கரையோரம் செருகியிருந்தது. பாலகுமார் அதை உருவி வீசினான். சரளா தலையைக் காக்கக் கையை உயர்த்தினாள். அவளுடைய இடது மணிக்கட்டு சுள்ளி மாதிரி முறிந்தது. மறுவீச்சு தோளில். அவள் தடுமாறித் தொட்டிக்குள் விழுந்தாள். க்ளென் அவளைப் பிடிக்கப் பாய்ந்தான். முதுகில் ஒரு உதை விழுந்தது. அவனும் போய் விழுந்தான்.

தார்ப்பாய் மேல் விழுந்ததால் மண்டை தப்பியது. தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ மெத்தென்று இருந்தது. அது முனகிற்று.

க்ளென் தார்ப்பாயைக் கிழிக்காத குறையாக இழுத்தான். ஐயோ! படகின் அடியில், கை கால் கட்டி, வாயில் துணி திணித்து ஒரு ஆள் கிடந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்தன. உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொன்றாக உடைத்திருக்கிறார்கள். வைஷ்ணவி காட்டின கல்யாண போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த முகம் இதுதான் என்று க்ளென்னுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மேடம், அர்ஜுனன்! உசுரோட இருக்கான்!"

"கதவு திறந்திருக்கு, அது வழியா இழுத்துட்டு வா!" என்று சரளா தண்ணீரில் தவழ்ந்தபடி கத்தினாள்.

மேலே கைப்பிடி கிறீச் கிறீச் என்று திருகும் சத்தம். மேல் கதவின் அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டுப் பாய்ந்தது. அந்த வேகம் தொட்டியின் நீளம் முழுக்க ஓடி, க்ளென் ஒரு சாண் திறந்துவைத்த கீழ்க் கதவை அறைந்து மூடியது. சரளா ஒற்றைக் கையால் அதை இழுத்துப் பார்த்தாள். இனி அது அசையாது. காரணத்தை இப்போதுதான் அவளே விளக்கி முடித்திருந்தாள்.

"பொணம் ரெண்டுன்னு நெனச்சேன், நாலாயிடுச்சு!" என்று மேலே பாலகுமார் மூச்சிரைக்கக் கத்தினான். "தப்பியோடப் பார்த்த கொலைகாரன், அவனைப் பிடிக்கப் போன துப்பறியும் கோஷ்டி. எல்லாரும் முழுகிப் போனீங்க. பேப்பர்ல நல்லா வரும்!"

தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது. க்ளென்னுக்கு நீச்சல் தெரியாது. அல்சூர் ஏரியில் பெடல் படகு ஓட்டவே லைஃப் ஜாக்கெட் இரண்டு கேட்ட ஆள் அவன். சரளாவைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் ஏறினான். அப்பாடா என்றிருந்தது. படகு மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். இந்தப் பயல் படகோடு சேர்த்து முழுகடிக்கப் பார்க்கிறானே, மடையன்!

மடையன் யார் என்பது சீக்கிரமே தெரிந்தது. படகின் பின்பக்கம் எழும்பியது. முன்பக்கம் எழும்பவில்லை. படகு சாய்ந்தது. முன் விளிம்பு வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது.

சரளா பல்லால் இழுத்து அர்ஜுனன் வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"கயிறு!" என்று அவன் அலறினான். "அடி வளையத்துல குட்டையா முடிச்சு போட்டுட்டான் பாவி! லாக்குக்குள்ள கயித்தைக் கட்டவே கூடாதுங்க. சுத்திக் கையில பிடிச்சுக்கணும், தண்ணி ஏற ஏற விட்டுக்கிட்டே வரணும். கட்டினா படகு உள்ள போயிரும்!"

"அவிழ்த்துடறேன்," என்று க்ளென் முன்பக்கம் சரிந்தான்.

"ஆகாது! இழுப்புல முடிச்சு இறுகிப்போச்சு. முன்பலகைக்கு அடியில கோடாலி இருக்கு. எங்காளுங்க அது இல்லாம லாக்குல நுழைய மாட்டாங்க. வெட்டுங்க!"

முன்பலகை ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டது. க்ளென் சிலுவை போட்டுக்கொண்டான். தலையைத் தண்ணீருக்குள் விட்டான். கண் தெரியவில்லை, காது அடைத்தது, விலா கதறியது. கையால் தடவியதில் மரம், ஆணி, பாசி, கடைசியில் ஒரு குட்டைப் பிடி. உருவினான். கயிறு தந்திக்கம்பி போல விறைத்து நின்றது. ஒரு வெட்டு. தண்ணீருக்குள் கோடாலி சோம்பேறியாகப் போயிற்று. இன்னொன்று. மூச்சு முட்டியது. வாயைத் திறந்துவிட்டான், தண்ணீர் உள்ளே போயிற்று. அடுத்த வெட்டில் கயிறு வெடித்தது. அறுந்த முனை அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போக, படகு ஒரே துள்ளலில் மேலே வந்தது. அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். சரளா சட்டைக் காலரைப் பிடித்து அவனை உள்ளே இழுத்தாள்.

பாதி தண்ணீர் உள்ளே இருந்தும் படகு மிதந்தது. மிதந்தது மட்டுமா? ஏறியது. பாலகுமார் திறந்துவிட்ட தண்ணீர் அவர்களைத் தூக்கித் தூக்கி அவன் காலடிக்கே கொண்டுபோனது.

"லிஃப்ட் வருது சார்," என்றான் க்ளென், கன்னத்து ரத்தத்தை வழித்தபடி. "எந்த ஃப்ளோர்?"

பாலகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. மதகை மூடக் கைப்பிடியைத் திருகலாம், அல்லது அதைப் பிடுங்கி அடிக்கலாம். இரண்டும் சேர்ந்து முடியாது. பதறிப்போய்ப் பிடுங்கினான். படகு விளிம்புக்கு வந்ததும் க்ளென்னின் தலைக்குக் குறிவைத்து இறக்கினான். க்ளென் விலகினதில் அடி தோள்பட்டையில் விழுந்தது. கை செத்துப்போயிற்று. கோடாலி நழுவியது. சரளா அதை நல்ல கையால் பற்றி, கரையிலிருந்த பாலகுமாரின் பாதத்தில் இறக்கினாள். ஷூவோடு சேர்த்துப் பிளந்தது. அவன் ஊளையிட்டுக்கொண்டு படகுக்கும் கல் சுவருக்கும் நடுவே விழுந்தான். படகு சுவர்ப்பக்கம் ஆடி ஒதுங்கியது. அவன் நெஞ்சு நடுவில் மாட்டி நெரிபட்டது. படகு விலகியபோது தண்ணீர் சிவந்திருந்தது.

"காப்பாத்துங்க! எனக்கு நீச்சல்..." மிச்சத்தைத் தண்ணீர் விழுங்கிற்று. அதில் மட்டும் அவன் பொய் சொல்லியிருக்கவில்லை.

சரளா கோடாலியால் அர்ஜுனனின் கட்டுகளை அறுத்திருந்தாள். க்ளென் அவனை இழுக்கத் துணியோ கழியோ கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் தேடுவதற்குள் அர்ஜுனன் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். என்ன மனுஷன் இவன் என்று க்ளென்னுக்கு நெஞ்சு நிறைந்தது. விரலை உடைத்தவனையே காப்பாற்றப் போகிறானே!

அர்ஜுனன் இடது கையால் பாலகுமாரின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தான். முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கினான். ஒரு மூச்சு இழுக்க விட்டான். மறுபடி உள்ளே அமுக்கினான்.

"அர்ஜுனா!" என்றாள் சரளா.

"ஐயாவை எதுக்குடா அடிச்ச?" அர்ஜுனன் தலையைத் தூக்கினான். "சொல்லு!"

"ராஜகாலுவே..." பாலகுமார் இருமினான், ரத்தமாக வந்தது. "இந்தக் கால்வாய் புதுசா வெட்டினது இல்ல... மேல் ஏரியில இருந்து கீழ் ஏரிக்குத் தண்ணி போன பழைய ராஜகாலுவே, சர்க்கார் வாய்க்கால். அதோட மிச்சத்த மூடித்தான் அந்தப் பக்கம் வில்லா மனை போட்டு வித்தேன். ப்ரஹ்லாதுக்குத் தெரியாது. கிழவர் கண்டுபிடிச்சுட்டார். கவர்ன்மெண்ட்ல சொல்லிடுவேன்னார். கைப்பிடியால... நான்தான்... நான்தான் அடிச்சேன். நீ பாத்துட்ட..."

"கேட்டீங்களா?" அர்ஜுனன் படகைப் பார்த்துக் கேட்டான். குரல் கிழிந்திருந்தது. "அந்த ஐயா என்னை அர்ஜுனன்னு கூப்பிட மாட்டாரு. கேப்டன்னு கூப்பிடுவாரு. விழுந்து கிடந்தவரத் தூக்கப் போனேன். இவனுங்க என்னைத் தூக்கிட்டுப் போய், போலீஸு போனப்புறம் இங்க கொண்டாந்து..." மறுபடி அமுக்கினான். இந்தத் தடவை தூக்கவில்லை.

தண்ணீருக்கு மேல் பாலகுமாரின் கைகள் அடித்துக்கொண்டன. க்ளென் ஒற்றைக் கையால் அர்ஜுனனின் தோளை எட்டிப் பிடித்தான். அது இரும்பாக இருந்தது. உள்ளுக்குள்ளே ஒரு குரல், விடு, சாகட்டும் என்றது. பொய் சொல்வானேன், க்ளென்னின் பிடி கொஞ்சம் தளரத்தான் செய்தது.

"க்ளென்னு, விடாத!" சரளா படகின் விளிம்பில் மண்டியிட்டாள். முறிந்த கை தொங்கியது. கத்தவில்லை. அர்ஜுனனின் காதருகே குனிந்து பேசினாள். "தம்பி, காலையில உன் பொண்டாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. எம்புருசன் கொலைகாரன் இல்லன்னா. ஊரு பூரா, போலீஸு பூரா ஆமான்னாங்க. அவ ஒருத்தி இல்லன்னா. இந்த நிமிஷம் வரைக்கும் அவ சொன்னதுதான் நெசம். இன்னும் கொஞ்சம் அமுக்கினா அவ பொய் சொன்னவளாயிடுவா."

அர்ஜுனன் கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை. அடித்துக்கொண்ட கைகள் நின்றன. ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

பிறகு அவன் கை மேலே வந்தது, தலைமயிரோடு, முகத்தோடு. பாலகுமாரின் முகம் நீலம் பாரித்திருந்தது. அவனைப் படகின் மேல் தூக்கிப் போட மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று நல்ல கைகள்தான் இருந்தன. எப்படியோ போட்டார்கள்.

"சார்," என்றான் அர்ஜுனன், தண்ணீரில் மிதந்தபடியே. "மூச்சு விடுறானா பாருங்க."

க்ளென் மூக்கருகே விரலை வைத்தான். ஒன்றும் இல்லை. நெஞ்சில் காதை வைத்தான். தன் விலா வலியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. "வாடா, தெய்வமே," என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் அவன் நெஞ்சை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். கன்னத்திலிருந்து ரத்தம் அவன் வெள்ளைச் சட்டை மேல் சொட்டியது. ஊரில் யார் உயிருக்கும் க்ளென் இப்படி மன்றாடியதில்லை, இந்தக் கேடுகெட்டவன் உயிருக்கு மன்றாடினான்.

பாலகுமாரின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொண்டையில் கொர்ரென்று ஒரு சத்தம். பிறகு ஒரு இருமல்.

"விடுறான்," என்றான் க்ளென். "மூச்சு விடுறான் அர்ஜுனா!"

அர்ஜுனன் படகின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டான். உடைந்த விரல்களால் மரத்தைப் பிடிக்கப் பார்த்தான், பிடிக்க வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான். "நான் இல்ல சார்," என்றான். "நான் இல்ல... நான் இல்ல..."

சரளா நல்ல கையை அவன் ஈரத் தலையில் வைத்து, அழுது முடிக்கும்வரை எடுக்காமல் இருந்தாள்.